வழியனுப்பு ஆட்டம்

பேனா என் கையில் இருந்தது. படிவம் மேசையில் இருந்தது. பதினோராம் வகுப்புப் படிக்கும் என் மூத்த மகள் பெனிட்டா எனக்குப் பின்னால் நின்று அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கச்சிராயபாளையத்தில் அவள் புதிதாகச் சேர்ந்திருந்த பள்ளியின் விளையாட்டு அறை அது. மூலையில் கோடு போடும் சுண்ணாம்பு மூட்டை, காற்றுப் போன வாலிபால் நான்கு, ஒரு மேசை, இரண்டு நாற்காலி. வெளியே மைதானத்தில் பெண்பிள்ளைகள் ஹாக்கி ஸ்டிக்கால் பந்தைத் தட்டும் சத்தம் டொக் டொக்கென்று கேட்டது.

படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள் சிஸ்டர் என்று சொல்லிவிட்டு, யாரோ கூப்பிட்டதால் விளையாட்டு ஆசிரியை தமிழரசி வெளியே போயிருந்தார். நான் நர்ஸ். அதனால் ஊரில் பாதிப் பேருக்கு சிஸ்டர், மீதிப் பேருக்கு நர்சம்மா.

படிவத்தில் பெயர், வகுப்பு, ரத்தப் பிரிவு எல்லாம் தமிழரசியே நிரப்பியிருந்தார். கடைசியில் பெற்றோருக்கு ஒரு வரி. இந்த மாணவி இந்தக் கல்வியாண்டில் வேறு எந்த மாவட்டத்திலும் போட்டியில் கலந்துகொள்ளவில்லை என்று உறுதி கூறுகிறேன்.

பெனிட்டா கலந்துகொண்டிருக்கிறாள். ஆடி மாதத்தில், கோவில்பட்டியில், ஒரே ஓர் ஆட்டம். அடம்பிடித்து அவளை ஆட வைத்தவள் நான்தான்.

அதைப் படித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. வைக்கவில்லை. கையெழுத்தின் முதல் எழுத்தைப் போட்டுவிட்டேன். எட்டு மணி நேரப் பயணத்துக்கு அந்தப் பக்கம் நடந்த ஆட்டம், யார் வந்து சொல்லப் போகிறார்கள் என்றுதான் மனம் ஓடியது. அவளுக்குப் பதினாறு வயது. பதினேழு வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் அவளுக்கு இதுவே கடைசி வருடம். இந்த வருடம் மாநிலப் போட்டி வரை போனால்தான் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம். போகாவிட்டால் ஆறு வருடமாக விடியலில் எழுந்து ஓடியதெல்லாம் ஓடியதோடு சரி.

வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பது

எங்கள் குடும்பம் ஏன் இடம் மாறியது என்று சொன்னால்தான் இது விளங்கும்.

நான் பிறந்தது கள்ளக்குறிச்சிப் பக்கம் நைனார்பாளையம். அப்பா பங்குக்குப் பயிர் வைத்தவர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் அதே வெள்ளை வேட்டியோடு கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போவார். நர்ஸ் வேலை கிடைத்துக் கோவில்பட்டிப் பக்கம் போனேன். அங்கே இருசக்கர வண்டி பழுது பார்க்கும் ராஜனைக் கட்டிக்கொண்டேன். இரண்டு பெண்கள், பெனிட்டா, ஷைனி.

கோவில்பட்டியில் ஹாக்கி ஆடாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அங்கே பிள்ளை நடக்க ஆரம்பித்ததும் கையில் ஏதாவது ஒரு குச்சியைக் கொடுத்துவிடுவார்கள். பெனிட்டா சென்டர் ஹாஃப், அதாவது ஆட்டத்தின் நடுவில் நின்று பந்தைப் பிரித்துக் கொடுப்பவள். எட்டாவது படிக்கும் ஷைனி கோல் கீப்பர். அவளுக்கு மேலே இரண்டு கீப்பர்கள் இருந்ததால் எந்தப் போட்டிக்கும் பெயர் போகவில்லை. தண்ணீர் பாட்டில் தூக்கிக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்திருப்பாள், பாவம்.

சில வருடங்களுக்கு முன் எனக்குப் பதவி உயர்வு வந்தது. வெளி மாவட்டம். அப்போதுதான் பெனிட்டா முதல் முறையாக மாவட்ட அணிக்குத் தேர்வாகியிருந்தாள். எனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பட்டியலில் எனக்கு அடுத்து இருந்தவள் அதை வாங்கிக்கொண்டு போய், ஒரே வருடத்தில் எனக்கு மேலதிகாரியாகக் கோவில்பட்டிப் பக்கமே மாற்றலாகி வந்தாள். மாதம் ஒரு முறை அவளிடமே போய்ப் பதிவேட்டைக் காட்டிக் கையெழுத்து வாங்கினேன். வயிறு எரிந்தது. இப்போது சொல்வதற்கு என்ன.

இந்த வருடம் மறுபடி வந்தது. காலியிடம் கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம். இரண்டாவது தடவையும் எழுதிக் கொடுத்தால் ஓய்வு பெறும் வரை இருக்கிற இடத்திலேயே இருக்க வேண்டியதுதான் என்று கிளார்க் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

அன்று சாப்பிடும்போது பிள்ளைகளிடம் கேட்டேன். அங்கே டர்ஃப் இருக்கிறதா என்று ஷைனி கேட்டாள். டர்ஃப் என்றால் செயற்கைப் புல்தரை. இருக்கும் இருக்கும் என்றேன். அது சுத்தப் பொய். பெனிட்டா தட்டைப் பார்த்துக்கொண்டு ஒரே வார்த்தைதான் சொன்னாள். "போலாம்மா."

எனக்கு அது போதுமாக இருந்தது. மனசுக்குப் பிடித்த பதில் வந்துவிட்டால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை, நானும் கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை

பதவி உயர்வுக்குச் சம்மதம் என்று எழுதிக் கொடுத்தாகிவிட்டது. திங்கட்கிழமை பிள்ளைகளுக்குப் பள்ளி மாற்றுச் சான்றிதழ் வாங்குவதாக இருந்தது. அதற்கு முந்தின சனிக்கிழமை குறுவட்டப் போட்டி. மாநிலம் வரைக்கும் போகிற ஏணியில் அதுதான் முதல் படி.

ஊரை விட்டுப் போகிற பிள்ளை தோழிகளோடு கடைசியாக ஓர் ஆட்டம் ஆடிவிட்டு வரட்டுமே என்று எனக்குத் தோன்றியது. பள்ளியின் விளையாட்டு ஆசிரியரிடம் போய்ப் பேசினேன். அவர் கொஞ்சம் தயங்கினார். நல்லா யோசிச்சிட்டீங்களா என்று கேட்டார். நான் வீடு மாறுவதைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, எல்லாம் யோசிச்சாச்சு சார் என்றேன். அவர் பெனிட்டாவைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ பேசினார். அவள் தலையாட்டினாள். பெயர் எழுதிக்கொண்டார்.

நான் கேசரி கிண்டி எடுத்துப் போனேன். ராஜன் கடையை மூடிவிட்டு வந்து செல்போனில் படம் எடுத்துத் தள்ளினார். பெனிட்டா அன்று ஆடிய ஆட்டத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பந்து அவளைத் தாண்டிப் போகவே இல்லை. ஜெயித்ததும் பிள்ளைகள் அவளைச் சுற்றிக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நானும் அழுதேன். எவ்வளவு நல்ல அம்மா நான் என்று எனக்கே என்னைப் பார்த்துப் பெருமையாக இருந்தது.

திங்கட்கிழமை சான்றிதழ் வாங்கினோம். அந்த வாரமே லாரி ஏறினோம்.

சோளமும் பந்தும்

மலைக்குக் கீழே கச்சிராயபாளையத்தில் வீடு பிடித்தோம். லாரியிலிருந்து சாமான் இறங்குவதை வீட்டுக்கார அம்மா அஞ்சலை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கயிறு போட்டுக் கட்டிய ஒன்பது ஸ்டிக், இரும்புக் கம்பி வைத்த தலைக்கவசம், காலில் கட்டும் தடித்த மெத்தைகள் எல்லாம் இறங்கின. வந்திருப்பது போலீஸ் குடும்பமா என்று லாரி டிரைவரிடம் மெதுவாக விசாரித்திருக்கிறார். ஷைனியின் கீப்பர் மெத்தைகளை மதில் மேல் காயப் போட்டபோது, இத்தனை பெரிய பொண்ணு இன்னும் படுக்கையை நனைக்கிறதா என்று என்னிடமே கேட்டார். அதைக் கேட்டு ஷைனி இரண்டு நாள் அவர் முகத்தில் விழிக்கவில்லை.

நான் ஸ்கூட்டியிலும் பஸ்ஸிலுமாக மலை ஏறி இறங்கினேன். ராஜன் மெயின் ரோட்டில் வண்டிப் பட்டறைக்குக் கொட்டகை போட்டார். என் பேச்சில் நாளுக்கு நாள் பிறந்த ஊர் ஏறியது. ஒருநாள் ஷைனியை "இன்னாடி பண்ணிக்கினு கீற" என்று கேட்டுவிட்டேன். மூன்று பேரும் சோற்றை வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

டர்ஃப் எங்கேயும் இல்லை. பள்ளி மைதானம் மண் தரை. ஹாக்கி அணி ஒன்று இருந்தது. தமிழரசி தன் சொந்த முயற்சியில் இரண்டு வருடத்துக்கு முன் ஆரம்பித்தது. மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளும் ஊர்ப் பிள்ளைகளுமாகப் பதினைந்து பேர். ஓடினார்கள் என்றால் பிடிக்க முடியாது. ஆனால் பந்து எங்கே இருக்கிறதோ பதினைந்து பேரும் அங்கேதான் இருப்பார்கள். அந்த அணி குறுவட்டத்தைத் தாண்டியதே இல்லை.

ஐப்பசியில் அடுத்த தொல்லை வந்தது. மழை விட்டு வெயில் கண்ட நாளெல்லாம் அந்த மைதானத்தில் ஊரார் மக்காச்சோளம் காயப் போட்டார்கள். அதில் பாதி எங்கள் அஞ்சலையம்மா வீட்டுச் சோளம். சோளம் கிடக்கிற தரையில் பந்து நேராகப் போகாது, ஒவ்வொரு மணியும் அதைத் துள்ள வைக்கும். அஞ்சலையம்மா முறத்தோடு நின்று சத்தம் போட்டார். "இன்னா பாப்பா, எங்க சோளத்த ஒதைச்சிக்கினு போறீங்க. நாங்க எங்க போய்க் காய வைக்கிறது."

இதைத் தீர்த்தது பெனிட்டாதான். காயும் சோளத்தை அவ்வப்போது காலால் துழாவிப் புரட்டிவிட வேண்டும். அது இடுப்பு ஒடிகிற வேலை இல்லை, ஆனால் வெயிலில் நடந்துகொண்டே இருக்க வேண்டும். பெனிட்டா அஞ்சலையம்மாவிடம் போய், காலையும் மதிய இடைவேளையும் சாயங்காலமும் நாங்கள் புரட்டிவிடுகிறோம், மூடிவைக்கவும் கை கொடுக்கிறோம், மைதானத்தில் பாதியை எங்களுக்கு விடுங்கள் என்றாள். அவரும் ஒத்துக்கொண்டார். பதினைந்து பெண்களும் வரிசையாக, முழங்காலை மடக்கி, காலைத் தேய்த்துத் தேய்த்துச் சோளத்துக்குள் நடந்தார்கள். அதையே அவள் பயிற்சியாக்கிவிட்டாள். மூன்று வாரத்தில் அந்தப் பிள்ளைகள் குனிந்து ஆடக் கற்றுக்கொண்டார்கள்.

என் பெண் இங்கே ஒட்டிக்கொண்டாள் என்று நான் முழுசாக நம்பியது அப்போதுதான். கீப்பர் இல்லாத பள்ளியில் ஷைனிக்கும் முதல் முறையாக இடம் கிடைத்தது. நல்ல முடிவு எடுத்திருக்கிறேன் பாருங்கள் என்று ராஜனிடம் ஒரு நாளைக்கு நாலு தடவை சொன்னேன்.

மழையால் தள்ளிப்போன இந்தப் பக்கத்துக் குறுவட்டப் போட்டிக்குத் தேதி வந்தது. தேதி வந்த நாளிலிருந்து பெனிட்டாவுக்கு முழங்கால் வலி. அழுத்திப் பார்த்தேன், மடக்கிப் பார்த்தேன். வீக்கம் இல்லை, சூடு இல்லை. இருபது வருட நர்ஸ், மருந்து தேய்த்துவிட்டேன்.

முழங்காலில் ஒன்றுமில்லை

இனி விளையாட்டு அறைக்கு வருகிறேன்.

முதல் எழுத்தோடு நிறுத்திவிட்டுத் திரும்பி, ஆடியில் ஆடினாயே, அது எழுத்தில் இருக்குமா என்று அவளிடம் கேட்டேன். இருக்கும் என்றாள். படுபாவி நான், உன் கடைசி வருஷத்தை நானே கெடுத்துவிட்டேனே, அந்த மனுஷன் யோசிச்சீங்களா என்று கேட்டபோதுகூட எனக்கு உறைக்கவில்லையே என்று புலம்ப ஆரம்பித்தேன். நான் புலம்பினால் சீக்கிரம் நிற்காது.

"எனக்குத் தெரியும்மா" என்றாள்.

என்ன தெரியும் என்றேன்.

"அங்க ஆடுனா இந்த வருஷம் இங்க ஆட முடியாதுன்னு தெரியும். சார் எங்கிட்ட சொன்னார். அம்மாட்ட சொல்லிட்டியான்னு கேட்டார். சொல்லிட்டேன்னு சொன்னேன்."

பிறகு மீதியைச் சொன்னாள். குரல் கூட்டவில்லை, அழவில்லை. ஆடிவிட்டால் திங்கட்கிழமைக்குள் எப்படியும் யாராவது என்னிடம் விதியைச் சொல்லிவிடுவார்கள், அதைக் கேட்டு நான் அவளை மட்டும் கோவில்பட்டியில் ராஜனின் அக்கா வீட்டில் விட்டுவிட்டு வருவேன் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். திங்கட்கிழமை அந்த ஆசிரியர் வேறொரு போட்டிக்குப் போய்விட்டார். யாரும் எதுவும் சொல்லவில்லை. நான் சான்றிதழை வாங்கிப் பையில் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டேன். முழங்காலில் ஒன்றுமில்லை என்பதையும் சொன்னாள். தமிழரசியிடம் தான் ஆடவில்லை, பயிற்சி மட்டும் கொடுக்கிறேன் என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தாளாம். அவர் அதைக் கூச்சம் என்று நினைத்துவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. அதற்கு மேல் அவமானம். மூன்று மாதம் ஒரே தட்டில் கைவைத்துச் சாப்பிட்டிருக்கிறோம், அவள் மனசில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

தமிழரசி வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். இந்த வருடமாவது தாண்டிவிடலாம் என்று அவர் எவ்வளவு நம்பியிருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது.

"சொன்னீங்களே, அதுவே பெருசு சிஸ்டர். அப்புறமா தெரிஞ்சிருந்தா எங்க டீமையே தள்ளியிருப்பாங்க. சோளத்துல நடந்த புள்ளைங்க அத்தினியும் சும்மா வூட்டுக்குப் போயிருக்கும்."

நான் போட்ட முதல் எழுத்து அந்தப் படிவத்தில் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் மடித்து இழுப்பறையில் போட்டுக்கொண்டார். அவர் கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

ஒரே ஒரு கேள்வி

அன்று சாயங்காலம் ராஜன் கோவில்பட்டிக்குப் பேசினார். அங்கே அடுத்த கட்டப் போட்டி கார்த்திகையில்தான். பெனிட்டா பெயர் இன்னும் பட்டியலில் இருந்தது. அதே பள்ளியில் திரும்பச் சேர்ந்தால் ஆடலாம், சேர்த்துக்கொள்ளத் தலைமையாசிரியை சம்மதிக்கிறார் என்றார் அந்த ஆசிரியர். ராஜனின் அக்கா, பிள்ளையை இன்றைக்கே ஏற்றி விடுங்கள் என்றாராம்.

டீயை ஆற்றி அவளிடம் நீட்டிக்கொண்டே கேட்டேன். "போறியா?"

"போறேன்" என்றாள்.

நான் டம்ளரை விடுவதற்கு முன்பே சொல்லிவிட்டாள். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்லியிருக்கலாம். அம்மா, ஷைனி, அந்தப் பதினைந்து பிள்ளைகள் என்று ஒரு நிமிஷம் தயங்கியிருக்கலாம். உள்ளே போய்ப் பாத்திரம் கழுவினேன். கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன். ராஜன் பின்னால் வந்து நின்று, அவள் மூன்று மாதமாக இந்தக் கேள்விக்காகக் காத்திருந்திருக்கிறாள், வேறென்ன செய்வாள் என்றார். தெரியும், வாயை மூடுங்கள் என்றேன்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில்

அடுத்த வாரம் ஒரு காலையில் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். ராஜன் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவதாக ஏற்பாடு. எனக்கு அன்று மலையில் தடுப்பூசி நாள், லீவு கிடையாது.

முந்தின நாள் மைதானத்தில் பிள்ளைகள் அவளுக்கு வழியனுப்பு ஆட்டம் ஒன்று வைக்கிறோம் என்றார்களாம். வேண்டவே வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டாளாம். இதை ஷைனி சொன்னபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

திருச்சி பஸ் நின்றது. அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். ராஜன் தண்ணீர் பாட்டில் வாங்கப் போனார். ஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"எம்மேல கோவமாம்மா?"

ஆமாம் என்றேன். மறைக்கவில்லை. ஆடினதற்குக் கோபம் இல்லை, ஆடியிலேயே சொல்லியிருந்தால் இந்த அலைச்சல் ஒன்றும் இல்லை, உன்னை அங்கேயே விட்டுவிட்டு நிம்மதியாக வந்திருப்பேன், எல்லாவற்றையும் தெரிந்து வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்தாயே, அதற்குத்தான் கோபம் என்றேன். டிரைவர் ஏறி வண்டியைக் கிளப்பிவிட்டார். இஞ்சின் சத்தத்தில் கொஞ்சம் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. "ஏண்டி சொல்லல? சொன்னா இன்னாடி பண்ணிடுவேன்?"

அவள் ஜன்னல் கம்பிக்கு நெருக்கமாக முகத்தைக் கொண்டுவந்தாள்.

"நான் இருக்கேன்னு சொல்லியிருந்தா நீ என்ன விட்டுட்டு வந்திருக்க மாட்டம்மா. இந்தத் தடவையும் வேணாம்னு எழுதிக் குடுத்திருப்ப."

ராஜன் ஓடிவந்து ஏறினார். பஸ் பின்னால் நகர்ந்து, திரும்பி, வெளியே போனது. நான் கை காட்டக்கூட மறந்துபோனேன்.

வெள்ளிமலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, மடியில் தடுப்பூசிப் பெட்டியை வைத்துக்கொண்டு அதையே நினைத்தேன். இல்லை, நான் எழுதிக் கொடுத்திருக்க மாட்டேன் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. அன்று சாப்பிடும்போது அவள் இருக்கிறேன் என்று சொல்லியிருந்தால், மறுநாள் காலையிலேயே போய் எழுதிக் கொடுத்திருப்பேன். நான் அவளுக்காக ஓர் ஆட்டத்தை ஏற்பாடு செய்தேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அவள் எனக்காகத் தன் கடைசி வருடத்தையே பணயம் வைத்திருக்கிறாள். பதினாறு வயதில் அவளுக்கு என்னைத் தெரிந்த அளவு எனக்கு அவளைத் தெரியவில்லை.